ஒரே வாக்கியம் இங்கே வேடிக்கை, அங்கே வழக்கு: சிரிப்பை ஆராயும் துறை சொல்வது என்ன?

செய்தியும் குழப்பமும்

மலேசியாவில் அண்மை ஆண்டுகளில் நகைச்சுவை பொழுதுபோக்குப் பக்கத்தை விட்டு நீதிமன்றச் செய்திகளின் பக்கத்துக்கு அடிக்கடி இடம் மாறியிருக்கிறது. 2022ஆம் ஆண்டு கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பகுதியில் இயங்கிய ஒரு நகைச்சுவை அரங்கில், யார் வேண்டுமானாலும் மேடையேறலாம் என்ற நிகழ்ச்சியின்போது ஒருவர் சமயம் சார்ந்து செய்த ஒன்று காணொளியாகப் பரவியது. கோலாலம்பூர் மாநகர் மன்றம் அரங்கின் உரிமத்தை ரத்து செய்தது. அரங்கின் நிறுவனர்களில் ஒருவர்மீது, இனம் தொடர்பான நகைச்சுவைக் காணொளிகளைப் பதிவேற்றியதாகத் தனியே குற்றச்சாட்டு வந்தது. அடுத்த ஆண்டு, நியூயார்க் மேடையொன்றில், காணாமல்போன மலேசிய விமானம் எம்எச்370ஐ வைத்துக் கேலி பேசிய, சிங்கப்பூரில் வளர்ந்த அமெரிக்க நகைச்சுவையாளரைக் கண்டித்து, கோலாலம்பூரில் அமெரிக்கத் தூதரகத்தின் முன் ஆர்ப்பாட்டம் நடந்தது. இண்டர்போலின் உதவியை நாடப்போவதாக மலேசியக் காவல்துறை அறிவித்தது. சிங்கப்பூரின் வெளியுறவு அமைச்சர் மன்னிப்புக் கேட்டார்.

இத்தகைய ஒவ்வொரு நிகழ்வுக்குப் பின்னரும் இரண்டு குரல்கள் எழுகின்றன. 'வேடிக்கையைக்கூடத் தாங்க முடியாதா?' என்பது ஒன்று. 'இதெல்லாம் வேடிக்கையா?' என்பது மற்றொன்று. இரண்டு கேள்விகளும் நகைச்சுவை என்பது வாக்கியத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும் ஒரு தன்மை என்று எடுத்துக்கொள்கின்றன. சிரிப்பைப் பற்றிய கல்விசார் ஆய்வு முதலில் தகர்ப்பது இந்த எண்ணத்தைத்தான். 1976இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் இத்துறையின் முதல் அனைத்துலக மாநாடு கூடியது. 1988 முதல் இதற்கென்றே ஓர் ஆய்விதழ் வெளிவருகிறது. உளவியலாளர், மொழியியலாளர், மானிடவியலாளர், மெய்யியலாளர் எனப் பலரும் பங்கேற்கும் துறை இது. அவர்களிடையே உடன்பாடு குறைவு, எனினும் வாக்கியம் மட்டும் நகைச்சுவையாகிவிடாது என்பதில் பெரும்பாலோருக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

சிரிப்பு வேறு, நகைச்சுவை வேறு

பேச்சு வழக்கில் இவ்விரண்டையும் ஒன்றாகவே கொள்கிறோம். ஆய்வில் இவை தனித்தனிப் பொருள்கள். சிரிப்பு என்பது உடல் செய்யும் ஒலி: மூச்சு வெளியேறும்போது விலா எலும்புகளுக்கிடையிலான தசைகளும் உதரவிதானமும் விட்டுவிட்டுச் சுருங்க, அந்தக் காற்று 'ஹ-ஹ-ஹ' என்று துண்டுபடுகிறது. நகைச்சுவை என்பது ஒன்றை வேடிக்கையானதாக மனம் உணர்வது. நகைச்சுவையை உணர்ந்தும் சிரிக்காமல் இருக்கலாம். நகைச்சுவை சிறிதும் இல்லாத இடத்திலும் சிரிக்கலாம்.

இரண்டாவது வகைதான் மிகுதி என்பதை அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரோவைன் காட்டினார். அவரும் மாணவர்களும் கடைத்தொகுதிகளிலும் பல்கலைக்கழக வளாகங்களிலும் இயல்பாகப் பேசிக்கொண்டிருந்தோரைக் கவனித்து 1,200 சிரிப்புகளைப் பதிவு செய்து 1993இல் வெளியிட்டனர். அவற்றில் பத்தில் ஒன்றோ இரண்டோதான் துணுக்கு என்று சொல்லத்தக்க ஒன்றைத் தொடர்ந்து வந்தவை. மற்றவை 'சரி, பிறகு பார்க்கலாம்', 'உண்மையாகவா?' போன்ற சாதாரணப் பேச்சின் இறுதியில் எழுந்தவை. கேட்பவரைவிடப் பேசுபவரே அதிகம் சிரித்தார் என்பதும் தெரியவந்தது. தனித்திருப்பவரைவிடக் கூட்டத்தில் இருப்பவர் சிரிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 30 மடங்கு அதிகம் என்பது அவருடைய மற்றொரு கணிப்பு. மேடைக் கலைஞர்களுக்கு இது சற்று ஏமாற்றமளிக்கும் செய்தி.

சிரிப்பின் வேர் மொழியைவிடப் பழையது. விலங்குகளில் மனிதன் மட்டுமே சிரிக்கிறான் என்று அரிஸ்டாட்டில் எழுதியதை இன்று ஏற்க முடியாது. 2009இல் மரினா டேவிலா-ராஸ் குழுவினர் குட்டி ஓராங் ஊத்தான், கொரில்லா, சிம்பன்சி, போனோபோ ஆகியவற்றுக்கும் மனிதக் குழந்தைகளுக்கும் கிச்சுகிச்சு மூட்டி, எழுந்த ஒலிகளை ஒப்பிட்டனர். ஒலி ஒற்றுமையை வைத்து வரைந்த உறவு மரமும் மரபணுவை வைத்து முன்பே அறியப்பட்ட உறவு மரமும் ஒத்துப்போயின. அதாவது, நம் சிரிப்பும் போர்னியோக் காட்டு ஓராங் ஊத்தானின் மூச்சொலியும், ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த ஒரே மூதாதையின் வழியில் வந்தவை.

அந்த ஒலி எதற்குப் பயன்பட்டது? 'இது சண்டை அன்று, விளையாட்டு' என்று அறிவிப்பதற்கு. கடிப்பதுபோல் கடிக்கும் குட்டி, தான் கடிக்கவில்லை என்பதைத் தெரிவிக்க ஓர் அடையாளம் வேண்டும். சிரிப்பு உறவை அறிவிக்கும் கருவி என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. கிரெகரி பிரையண்டும் பலரும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், இருவர் சேர்ந்து சிரிக்கும் ஒரு விநாடி ஒலித்துண்டுகளை 24 சமூகங்களைச் சேர்ந்த 966 பேருக்குப் போட்டுக் காட்டினர். சிரிப்பவர்கள் நண்பர்களா, அன்றுதான் சந்தித்தவர்களா என்பதே கேள்வி. மொழியும் முகமும் தெரியாத நிலையிலும் ஏறத்தாழ 61 விழுக்காடு விடைகள் சரியாக இருந்தன. ஊகத்தால் கிடைக்கும் 50 விழுக்காட்டைவிட இது பெரிய ஏற்றம் அன்று. ஆனால் எல்லாச் சமூகங்களிலும் இதே போக்கு காணப்பட்டது என்பதே இதன் எடை.

ஏன் வேடிக்கையாக இருக்கிறது? மூன்று பழைய விடைகள்

இனி நகைச்சுவைக்கு வருவோம். பாடநூல்கள் வழக்கமாக மூன்று கோட்பாடுகளை வரிசைப்படுத்துகின்றன.

1. மேன்மைக் கோட்பாடு. பிறருடைய குறையைக் கண்டு, நாம் அப்படியில்லை என்று திடீரென உணரும் பெருமிதமே சிரிப்பு என்றார் 17ஆம் நூற்றாண்டின் ஆங்கில மெய்யியலாளர் தாமஸ் ஹாப்ஸ். பிளேட்டோவிடமும் இதன் சாயல் உண்டு. வழுக்கி விழுபவரைப் பார்த்துச் சிரிப்பதை இது விளக்கும். சொல் விளையாட்டை விளக்காது.

2. பொருந்தாமைக் கோட்பாடு. எதிர்பார்ப்பு ஒன்றாக இருக்க, வந்து சேர்ந்தது வேறொன்றாக இருந்தால் சிரிப்பு எழுகிறது. 1790இல் கான்ட், இறுகி நின்ற எதிர்பார்ப்பு திடீரென ஒன்றுமில்லாமல் போவதைச் சிரிப்பின் காரணமாகக் குறித்தார். கருத்துக்கும் கண்முன் நிற்கும் பொருளுக்கும் இடையிலான பிசகை ஷோப்பன்ஹவர் 1819இல் சுட்டினார். இன்றைய ஆய்வில் பெரும்பகுதி இந்தக் கிளையிலேயே நடக்கிறது.

3. விடுவிப்புக் கோட்பாடு. அடக்கி வைத்த ஆற்றல் வெளியேறுவதே சிரிப்பு என்பது ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1860இலும் சிக்மண்ட் பிராய்ட் 1905இலும் சொன்னது. உடலியல் அடிப்படையில் இது இன்று வலுவிழந்துவிட்டது. இருப்பினும், இடுகாட்டிலும் தேர்வு மண்டபத்திலும் சிரிப்பு பீறிடுவதை நினைத்தால் இதை முற்றாகத் தள்ளிவிடவும் மனம் வருவதில்லை.

தமிழ் வாசகருக்கு இந்தப் பட்டியல் முழுவதும் புதியதாக இருக்க வேண்டியதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, 'எள்ளல் இளமை பேதைமை மடனென்று உள்ளப் பட்ட நகைநான் கென்ப' என்று நகை பிறக்கும் களங்களைப் பிரிக்கிறது. எள்ளல் இகழ்ச்சி. ஹாப்ஸின் விளக்கம் இதற்கு அருகில் நிற்கிறது. இளமையும் பேதைமையும், அறியாதவர் செயலில் தோன்றும் பிசகு. மடன் என்பதற்கு, கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை என்று பழைய விளக்கம் உண்டு: பிறர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, நிலைமை மாறிய பின்பும் விடாத தன்மை. 1900இல் பிரெஞ்சு மெய்யியலாளர் ஹென்றி பெர்க்சன், உயிருள்ள மனிதன் வளைந்துகொடுக்க வேண்டிய இடத்தில் இயந்திரம்போல் விறைத்து நடப்பதே சிரிப்புக்கிடம் என்றார். மடனும் இந்த விறைப்பும் உறவினர் போலவே தோன்றுகின்றன. எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று முரசறைய இது போதாது. தொல்காப்பியம் களங்களை வகைப்படுத்துகிறதே தவிர, அவை ஏன் நகை தருகின்றன என்று கேட்கவில்லை. ஆனால் நான்கு களங்களில் ஒன்றே ஒன்றுதான் இகழ்ச்சி என்பதைக் கவனிக்க வேண்டும். சிரிப்பு என்றாலே யாரையாவது தாழ்த்துவது என்று அந்நூல் கருதவில்லை.

ஒரு துணுக்கைப் பிரித்துப் பார்த்தல்

பொருந்தாமை எங்கும் உண்டு. வீட்டுக்குள் பாம்பு புகுவதும் பொருந்தாமைதான். ஆனால் யாரும் சிரிப்பதில்லை. ஆகவே எவ்வகைப் பொருந்தாமை என்று கேட்க வேண்டும். மொழியியலாளர் விக்டர் ராஸ்கின் 1985இல் இதற்கு இரண்டு நிபந்தனைகள் வகுத்தார். ஒரு பனுவல் இரண்டு 'களங்களுடன்' ஒருங்கே பொருந்த வேண்டும். அந்த இரண்டு களங்களும் ஒன்றுக்கொன்று எதிரானவையாக இருக்க வேண்டும். களம் என்பது இங்கே, ஒரு சொல்லோ சூழலோ மனத்தில் எழுப்பும் முழு எதிர்பார்ப்புத் தொகுதி. 'வகுப்பறை' என்றவுடன் ஆசிரியர், கேள்வி, பதில், அச்சம் எல்லாம் சேர்ந்து எழுவது போல.

நம் ஊரில் வழங்கத்தக்க ஒரு துணுக்கை வைத்து இதைப் பார்க்கலாம். தேசியப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த முதலாம் ஆண்டு தமிழ் மாணவனிடம் மலாய் ஆசிரியை, தந்தையின் தொழிலைக் கேட்கிறார்: 'ஆயா கெர்ஜா அப்பா?' மலாயில் 'ஆயா' என்றால் தந்தை, 'அப்பா' என்றால் என்ன. சிறுவன் தனக்குத் தெரிந்த மலாயில் பணிவுடன் பதில் சொல்கிறான்: 'ஆயா தீடோர், அப்பா பாவா லோரி.' பாட்டி தூங்குகிறார், அப்பா லோரி ஓட்டுகிறார் என்பது அவன் சொன்னது. தந்தை தூங்குகிறார், என்ன லோரி ஓட்டுகிறது என்பது ஆசிரியைக்குக் கேட்டது.

இரண்டு நிபந்தனைகளும் இங்கே நிறைவேறுகின்றன. ஒரே வாக்கியம் வீட்டுத் தமிழின் களத்துடனும் பள்ளி மலாயின் களத்துடனும் ஒலி பிசகாமல் பொருந்துகிறது. உழைக்கும் தந்தை, தூங்கும் தந்தை என்று அவை முட்டிக்கொள்கின்றன. முதல் நிபந்தனை மட்டும் நிறைவேறினால் என்ன ஆகும் என்பதற்குக் காளமேகத்தின் சிலேடைகளே சான்று. பாம்புக்கும் எள்ளுக்கும் ஒருசேரப் பொருந்தும் வெண்பாவில், ஆடிய பாம்பு குடத்தில் அடைவதும் செக்கில் ஆட்டிய எள்ளின் எண்ணெய் குடத்தில் சேர்வதும் ஒரே சொற்களில் நிற்கின்றன. பாம்பின் பிளந்த நாக்கும் எள்ளின் பிண்ணாக்கும் ஒரே ஒலியில் அடங்குகின்றன. வியக்கிறோம், தலையசைக்கிறோம், ஆனால் வயிறு குலுங்கச் சிரிப்பதில்லை. பாம்பும் எள்ளும் வேறு வேறு பொருள்கள்தாம், எதிரெதிரானவை அல்ல. தொல்காப்பியர் வகையில் சொன்னால் அது நகையைவிட மருட்கைக்கே, அதாவது வியப்புக்கே, நெருங்கியது.

1991இல் சல்வடோர் அட்டார்டோவும் ராஸ்கினும் இந்தக் கோட்பாட்டை விரித்து, ஒரு துணுக்கை ஆறு கூறுகளாகப் பிரித்தனர்: களங்களின் எதிர்ப்பு, அவற்றை இணைக்கும் தருக்கம், சூழல், இலக்கு, எடுத்துரைக்கும் முறை, மொழி. பொதுவிவாதத்துக்கு மிகவும் வேண்டிய கூறு இலக்கு, அதாவது கேலிக்கு ஆளாகுபவர். மேற்கண்ட துணுக்கின் இலக்கு யார்? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழ்க் குடும்பம் சாப்பாட்டு மேசையில் இதைச் சொல்லிச் சிரிக்கும்போது இலக்கு என்று ஒருவரும் இல்லை, அல்லது எல்லாருமே இலக்கு. அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் அந்தச் சிறுவனாக இருந்தவர்கள். அதே துணுக்கை, மலாய் தெரியாத பிள்ளைகளைப் பற்றிய முறைப்பாட்டுக்கிடையே வேறொருவர் ஆசிரியர் அறையில் சொன்னால் இலக்கு சிறுவன். தமிழர் கூட்டத்தில் ஒருவர் ஆசிரியையின் முகபாவத்தை அழுத்தி நடித்துக்காட்டினால் இலக்கு ஆசிரியை. ஓர் எழுத்தும் மாறவில்லை, இலக்கு மூன்று முறை மாறிவிட்டது. இலக்கு இல்லாமலும் துணுக்கு அமையலாம் என்பதை அட்டார்டோவும் ராஸ்கினுமே ஒப்புக்கொண்டிருக்கின்றனர். இலக்கு சில வேளைகளில் எழுத்துக்கு வெளியே தீர்மானமாகிறது என்பதற்கு அவர்களின் கோட்பாடு போதிய இடம் தரவில்லை என்பதே என் கருத்து.

தீங்கற்ற மீறல்

2010இல் பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் முன்வைத்த கோட்பாடு, தாமஸ் வீச் 1998இல் எழுதியதைத் தொடர்ந்து வளர்ந்தது. அதன்படி நகைச்சுவைக்கு மூன்று வேண்டும். முதலாவது, ஏதேனும் ஒரு நெறி மீறப்பட வேண்டும்: ஒழுக்க நெறியோ, மொழி நெறியோ, மரியாதையோ, உடல் பாதுகாப்போ. இரண்டாவது, அந்த மீறல் தீங்கற்றது என்று தோன்ற வேண்டும். மூன்றாவது, இவ்விரண்டும் ஒரே கணத்தில் தோன்ற வேண்டும். மீறல் இல்லையேல் சலிப்பு. தீங்கு இருந்தால் சினமோ அருவருப்போ. கிச்சுகிச்சு இதற்கு எளிய சான்று: தாக்குதல்போல் இருக்கிறது, ஆனால் தாக்குதல் அன்று. தனக்குத் தானே மூட்டிக்கொண்டால் மீறல் இல்லை, முன்பின் அறியாதவர் மூட்டினால் தீங்கற்றது என்ற எண்ணம் இல்லை.

மீறலைத் தீங்கற்றதாக்குவதில் தொலைவுக்குப் பெரும் பங்கு உண்டு. காலத்தால், இடத்தால், உறவால் விலகியிருப்பவருக்கு ஒரு துயரம் விரைவில் வேடிக்கையாகலாம். மெக்ராவும் பிறரும் 2012ஆம் ஆண்டின் சாண்டி புயலைப் பற்றிய கேலிகளைப் பல வாரங்களாக வெவ்வேறு நாள்களில் மதிப்பிடச் செய்தபோது, புயல் தாக்கிய வேளையில் அவை வேடிக்கையாகத் தோன்றவில்லை. ஏறத்தாழ ஒரு மாதத்துக்குப் பின் மிக வேடிக்கையாகத் தோன்றின. பின்னர் சலித்துப்போயின.

எம்எச்370 கேலிக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். 2014 மார்ச் 8ஆம் நாள் 239 பேருடன் மறைந்த விமானம் அது. நியூயார்க்கில் அன்றிரவு அமர்ந்திருந்தவர்களுக்கு ஒன்பது ஆண்டுகள் போதுமான தொலைவு, கடலும் கண்டங்களும் அதற்கு மேல். கோலாலம்பூரில் விமானத்தின் முதன்மைப் பகுதி கண்டுபிடிக்கப்படாமல், ஈமச்சடங்குக்கு உடல் கிடைக்காமல் இருக்கும் குடும்பங்களுக்கு ஒன்பது ஆண்டுகள் தொலைவே அன்று. முடிவடையாத துயரத்துக்குக் காலம் ஓடத் தொடங்குவதில்லை. நியூயார்க் பார்வையாளரின் சிரிப்பும் கோலாலம்பூர் மக்களின் சினமும் ஒரே கோட்பாட்டில் பொருந்துகின்றன.

யார் யாரைக் கேலி செய்யலாம்?

உறவுத் தொலைவைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசியவர் மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன். 1940இல் அவர் 'கேலி உறவு' என்ற கருத்தை வரையறுத்தார். ஒருவர் மற்றவரைக் கேலி செய்ய வழக்கம் இடம் தருகிறது, சில இடங்களில் கட்டாயப்படுத்தவும் செய்கிறது. கேலிக்கு ஆளானவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கே இத்தகைய உறவு முளைக்கிறது என்றால், இணைப்பும் பிரிவும் ஒருங்கே இருக்கும் இடத்தில், குறிப்பாக மணத்தால் உறவான இரு குடும்பங்களுக்கிடையில். முரண்பட வாய்ப்புள்ள உறவை இரண்டு வழிகளில் காப்பாற்றலாம்: மாமியாரிடம் காட்டும் அளவுமீறிய மரியாதையால், அல்லது மைத்துனரிடம் காட்டும் அளவுமீறிய கேலியால்.

தமிழருக்கு இதற்கு அவர் தந்த ஆப்பிரிக்க எடுத்துக்காட்டுகள் தேவையில்லை. மச்சானைக் கேலி செய்யலாம், தாய்மாமன் பிள்ளையைச் சீண்டலாம், முறைக்காரர்மீது மஞ்சள் தண்ணீர் ஊற்றலாம். அதே வார்த்தையைப் பெரியப்பாவிடமோ பங்காளியிடமோ சொன்னால் பஞ்சாயத்துதான். 'முறை' என்று நாம் சொல்வதே இந்த உரிமைப் பட்டியல். மலேசியத் தமிழ் இளைஞர் அறிமுகமில்லாத ஒத்த வயதினரையும் 'மச்சான்' என்று அழைப்பதை இந்தக் கோணத்தில் பார்த்தால், அது வெறும் கொச்சையாகத் தோன்றாது. இரத்த உறவில்லாத நகரத்தில், கேலிக்கு முன்னதாகவே அனுமதி கோரும் விளியாகவே அது தோன்றுகிறது.

பல்லின நாட்டில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஒருவரையொருவர் பாவனை செய்து சிரிப்பது மலேசிய மேடை நகைச்சுவையின் நெடுநாள் வழக்கம். நெருங்கிய நண்பர்களுக்கிடையில் அது கேலி உறவாகவே இயங்குகிறது, பதிலுக்குப் பதில் உண்டு. ஆனால் ராட்கிளிஃப்-பிரவுன் இரண்டு வகைகளைப் பிரித்தார்: இருவரும் ஒருவரையொருவர் கேலி செய்யும் சமநிலை வகை, ஒருவர் மட்டும் செய்ய மற்றவர் பொறுத்துக்கொள்ளும் ஒருபக்க வகை. ஒரு கூட்டத்தில் ஒரே ஓர் இந்தியர் இருந்து, அவருடைய நிறமும் தலையசைப்புமே ஒவ்வொரு நாளும் பொருளானால், அவரும் சேர்ந்து சிரிப்பதை வைத்து அது சமநிலைக் கேலி என்று முடிவுகட்ட முடியாது. சிரிப்பு உறவின் அடையாளம் என்றால், உறவை இழக்க அஞ்சுபவரும் சிரிப்பார்.

கேலி தீங்கு செய்கிறதா?

இதில் துறைக்குள்ளேயே இரண்டு அணிகள் உண்டு.

1. கிறிஸ்டி டேவிஸ் இனக்கேலிகளை நாடு நாடாகத் தொகுத்து 1990இல் நூலாக்கினார். ஆங்கிலேயர் ஐரிஷ்காரரையும் பிரெஞ்சுக்காரர் பெல்ஜியரையும் மூடராகக் காட்டும் கேலிகள், பெரும்பாலும் தம்மைப் போன்றே இருந்து விளிம்பில் நிற்பவர்களைப் பற்றியவை, பகைவரைப் பற்றியவை அல்ல என்றார். கேலி வெப்பமானி போன்றது, சமூகத்தின் வெப்பத்தைக் காட்டும், கூட்டவோ குறைக்கவோ செய்யாது என்பது அவருடைய வாதம்.

2. தாமஸ் ஃபோர்டும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆய்வுக்கூடத்தில் வேறொன்றைக் கண்டனர். இழிவுபடுத்தும் கேலி ஒருவரிடம் இல்லாத வெறுப்பை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே வெறுப்பு உள்ளவருக்கு, 'இங்கே இதைக் காட்டலாம்' என்ற அனுமதியை அது தருகிறது. 2008இல் வெளியான ஆய்வில், பெண்களை இழிவுபடுத்தும் கேலிகளுக்குப் பின், அத்தகைய மனப்பான்மை மிகுந்தவர்கள் பெண்கள் அமைப்புக்கான நிதியைக் குறைக்க அதிகம் முன்வந்தனர். மற்றவர்களிடம் இந்த மாற்றம் இல்லை. அதே கருத்தைக் கேலியாக இல்லாமல் நேரடிக் கூற்றாகச் சொன்னபோதும் இந்த விளைவு ஏற்படவில்லை.

இறுதி வாக்கியம்தான் முக்கியமானது. நேரடி வசையைக் கேட்டவர் எச்சரிக்கையாகிறார். கேலியோ 'இது கணக்கில் சேராது' என்ற அறிவிப்புடன் வருவதால் காவல் தளர்கிறது. டேவிஸ் பார்த்தது நூற்றாண்டுகளின் பெருந்தொகுப்பு, ஃபோர்டு பார்த்தது ஓர் அறையின் அரைமணி நேரம், ஆகவே இரண்டும் ஒரே வேளையில் உண்மையாக இருக்கலாம். பள்ளியிலும் அலுவலகத்திலும் நாம் வாழ்வது அறையின் அளவில் என்பதால், அன்றாட முடிவுகளுக்கு ஃபோர்டின் பக்கமே என் சாய்வு. 'நகையுள்ளும் இன்னா திகழ்ச்சி' என்று விளையாட்டிலும் இகழ்ச்சி துன்பம் தரும் எனத் திருக்குறள் சொல்வது கேலிக்கு ஆளானவரின் பக்கம். ஃபோர்டின் ஆய்வு பார்த்திருப்பவரின் பக்கம்.

2017 நோன்புப் பெருநாள் காலத்தில் ஒரு தொடர்கடை நிறுவனம், கறுப்புச் சாயம் பூசிய முகத்தை வேடிக்கைப் பொருளாக்கி விளம்பரம் வெளியிட்டதை நினைவுகூரலாம். கண்டனத்துக்குப் பின் அது மீட்டுக்கொள்ளப்பட்டது, நிறுவனம் மன்னிப்பும் கேட்டது. அங்கே பதிலுக்குக் கேலி செய்ய யாருக்கும் வழியில்லை. விளம்பரம் ஒருபக்கக் கேலியின் முழு வடிவம்.

நடைமுறையில் இதன் விளைவுகள்

1. துண்டுக் காணொளி வேறு பொருள். அரங்கில் சீட்டு வாங்கி அமர்பவர் 'இது விளையாட்டு' என்ற ஒப்பந்தத்தை ஏற்று அமர்கிறார். நாற்பது விநாடித் துண்டு கைப்பேசிக்கு வரும்போது அந்த ஒப்பந்தம் கூட வருவதில்லை. 'சூழலிலிருந்து பிரித்துவிட்டார்கள்' என்று கலைஞர் சொல்வது வெறும் சாக்கு ஆகாது. ஆனால் அதைப் பதிவேற்றியவர் அவரேயென்றால் பிரித்தவரும் அவரே.

2. சட்டம் தேடுவது நோக்கத்தை. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு, புண்படுத்தும் தன்மையுள்ள உள்ளடக்கத்தைப் பிறரை எரிச்சலூட்டும் நோக்கத்துடன் வெளியிடுவதைக் குற்றமாக்கியது. 2025இல் நடப்புக்கு வந்த திருத்தம் 'புண்படுத்தும்' என்பதைக் 'கடுமையாகப் புண்படுத்தும்' என்று உயர்த்தியது. தீங்கற்ற மீறல் கோட்பாட்டின்படி, மீறல் இல்லாமல் நகைச்சுவை இல்லை. ஆகவே ஓரளவு எரிச்சலூட்டும் நோக்கம் ஏறத்தாழ எல்லா நகைச்சுவையிலும் இருக்கும். மீறல் நடந்ததா என்று கேட்பதில் பயனில்லை. யாரை நோக்கி, எவர் முன்னிலையில், திருப்பிப் பேச வழியுள்ளவரிடமா இல்லாதவரிடமா என்ற கேள்விகளே வழக்கைத் தெளிவாக்கும்.

3. பள்ளிப் பகடிவதை பெரும்பாலும் 'சும்மா விளையாட்டு' என்ற பெயரிலேயே விசாரணைக்கு வருகிறது. உளவியலாளர் ராட் மார்ட்டினும் உடன் பணியாற்றியவர்களும் 2003இல் நகைச்சுவைப் பாங்குகளை நான்காக வகுத்தனர்: உறவை வளர்ப்பது, தன்னைத் தேற்றிக்கொள்வது, பிறரைத் தாக்குவது, தன்னையே தாழ்த்திக்கொள்வது. நான்காவதில் சிக்கிய மாணவன் வகுப்பில் மிகுந்த வேடிக்கைக்காரனாகத் தெரிவான். அவன் சிரிப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் ஆசிரியர் தவறு செய்கிறார்.

4. சிரிப்பு மருந்து என்ற பரப்புரையில் மிகை அதிகம். அமெரிக்க இதழாசிரியர் நார்மன் கசின்ஸ், நகைச்சுவைப் படங்கள் தம் நோய் வலியைத் தணித்ததாக 1976இல் மருத்துவ இதழொன்றில் எழுதியதும், மும்பை மருத்துவர் மதன் கட்டாரியா 1995இல் தொடங்கிய சிரிப்பு யோகாவும் இதற்கு வித்திட்டன. சேர்ந்து சிரித்தவர்களால் வலியைச் சற்றுக் கூடுதலாகத் தாங்க முடிந்தது என்று ராபின் டன்பார் குழுவினர் 2012இல் காட்டினர். நோய் குணமாகும் என்பதற்கான சான்று வலுவற்றது என்பதே, 2001இல் ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட மார்ட்டினின் முடிவு.

5. இனி அதிகம் தீர்ப்பளிக்கப்போவது இயந்திரங்கள். 2025 சனவரி முதல், மலேசியாவில் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட பயனர்களைக் கொண்ட சமூக ஊடகங்களும் செய்திச் செயலிகளும் உரிமம் பெற வேண்டும் என்ற நெறி நடப்புக்கு வந்தது. உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்க வேண்டிய நிறுவனங்கள், இடுகைகளை வடிகட்டும் வேலையில் பெரும்பகுதியை மென்பொருளிடம் விடுகின்றன. ராஸ்கின் வகுத்த இரண்டு களங்களை மென்பொருள் ஓரளவு அடையாளம் காணலாம். ஆனால் தமிழும் மலாயும் ஆங்கிலமும் ஒரே வரியில் உரோமன் எழுத்தில் கலந்து வரும் புலன (வாட்ஸ்அப்) குழு உரையாடலில், ஒருவர் மற்றவருக்கு மச்சானா, மேலதிகாரியா, அல்லது நேற்றுத்தான் குழுவில் சேர்ந்தவரா என்பது வரியில் எழுதப்பட்டிருப்பதில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் நீக்கப்படும் இடுகைகளும் நீக்கப்படாமல் விடப்படும் இடுகைகளும் ஏறத்தாழ ஒரே காரணத்தால்தான் தவறாகப்போகும். முறைப்பாட்டைப் பரிசீலிக்கும் இடத்தில் இம்மொழிக் கலவையையும் இந்த முறைகளையும் அறிந்த மனிதர் இருக்க வேண்டும் என்பதை உரிம நிபந்தனையாகக் கேட்பதற்கு இதுவே தக்க காரணம்.